தம்பி வருவதற்குள்

“அம்மா, தம்பி வண்டியை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள சொல்லிடறேன். அந்தப் பக்கத்தை மட்டும் அவன் கண்ணுல காட்டிடாதீங்க!”

மூச்சு வாங்க மாடியேறி வந்த தையல்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

எப்போதோ மூடிவிட்ட ஓர் அநாதை விடுதியின் பதிவேடுகளெல்லாம் இந்த நூலகத்து மாடியறையில்தான் கிடந்தன. தும்மித் தும்மி அவற்றோடு மல்லுக்கட்டி, விடுதியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தாள் ஆராய்ச்சி மாணவி. அங்கே வளர்ந்தவர்களை ‘வந்து பாருங்கள்’ என்று கடிதம் போட்டு அழைத்ததும் அவளேதான்.

“எந்தப் பக்கம் ஐயா?”

“நாங்க சேர்ந்த பக்கம். நீங்க பார்க்காமலா இருப்பீங்க?”

பார்த்திருந்தாள். இரண்டு பையன்கள், வேறு வேறு ஊரிலிருந்து வேறு வேறு நாளில் வந்தவர்கள். இருவருக்குமே ‘உடன்பிறந்தார் யாருமில்லை’ என்று எழுதியிருந்தது. பிறகு அதை அடித்துவிட்டு, ‘இவர்கள் அண்ணன் தம்பி’ என்று வார்டனே திருத்தியிருந்தார். இப்படியொரு பக்கம் கிடைத்தால் ஆராய்ச்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? பேராசிரியரிடம் போய்ப் பீற்றிக்கொண்டும் வந்துவிட்டாள்.

“நான் சொன்ன பொய்தாம்மா அது. ஆளில்லாத சிறுசுங்களை வேற ஊர் விடுதிக்கு அனுப்பப் போறோம்னாங்க. இவன் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறான். என்ன தோணுச்சோ, ‘இவன் என் தம்பி சார்’னுட்டேன். வார்டன் தங்கமான மனுஷன். ஏற இறங்கப் பார்த்தார், எழுதிட்டார்.”

“உங்க தம்பிக்கு இது...”

“அவனுக்கு என்ன தெரியும், பொடிப்பய! இன்னிக்கு அவன் பிள்ளைங்களுக்கு நான்தான் பெரியப்பா. இந்த வயசுல போய், ‘நான் உனக்கு யாருமில்லடா’ன்னு எப்படிம்மா சொல்றது? நான் மட்டும் போயிட்டு வர்றேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நானும் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்!”

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் மாணவிக்கு மனசு கேட்கவில்லை.

“சரி ஐயா. காட்ட மாட்டேன், புத்தகத்துலயும் போட மாட்டேன்.”

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

“என்னண்ணே, அதுக்குள்ள கச்சேரியை ஆரம்பிச்சாச்சா?” என்று சிரித்தபடி நுழைந்தார் தம்பி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல கனத்த குரல். “மாத்திரையை வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டீங்க பாருங்க. வெளியில தண்ணி இருக்கு, போய்ப் போட்டுட்டு வாங்க.”

“அப்புறம் போட்டுக்கலாம்டா.”

“அண்ணி என்னைத்தான் பிடிச்சு வாங்குவாங்க. கிளம்புங்க, கிளம்புங்க!”

தையல்காரர் மாணவியை ஒரு தரம் கெஞ்சலாகப் பார்த்துவிட்டு வெளியே போனார். அவர் தலை மறையும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி, நாற்காலியை மேஜைக்கருகே இழுத்தார்.

“அம்மா, நாங்க சேர்ந்த பக்கம் எங்க இருக்கு?”

மேஜைமேல் இருந்த பதிவேட்டை மாணவி மெல்ல மூடினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

“அது... அந்தப் பக்கம் கரையான் அரிச்சுப் போச்சுங்க.”

“அப்பாடா!” என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார் அவர். “அண்ணன் கேட்டாலும் அதையே சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அப்ப எனக்கு அஞ்சு வயசு. வீட்டுக்கு நான் ஒத்தப் பிள்ளைன்னு எனக்குத் தெரியாதாம்மா? அன்னிக்கு அவருக்கு நெருப்பாக் காய்ச்சல். அந்த வேகத்துல ஏதோ உளறி, என்னைத் தம்பின்னுட்டாரு. பாவம், இன்னிக்கு வரைக்கும் அதை நிஜம்னே நம்பிட்டிருக்காரு!”