கொழுத்த பெட்டி

சுரேஷ்கண்ணன் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்துக் குனிந்து நிற்கிறான். தேனீக்களின் வயிற்றை நசுக்கி எடுத்த ஒரு சொட்டு, வெளிச்ச வட்டத்துக்குள் அரிசி அரிசியாய் மின்னுகிறது. "அம்புட்டும் குடல்நோய்க் கிருமிண்ணே," என்கிறாள் ஆய்வகத்து ஜெபஷீலா. "சீக்குப் பெட்டியில பிடிச்சதுதான? அத மட்டும் இங்கன இறக்கிட்டு, மத்ததுகள மேகமலைக்குக் கொண்டு போங்க." வெளியே லாரி உறுமிக்கொண்டிருக்கிறது. வாசல் அடைத்த பெட்டிகளுக்குள் தேனீக்களின் இரைச்சல் அதையும் மீறிக் கேட்கிறது. ரிப்போர்ட் சுத்தமாக வந்தால்தான் மேகமலை ஏலக்காய்த் தோட்டத்தில் பெட்டி வைக்க விடுவார்கள் என்று, இருப்பதிலேயே கொழுத்த, சீக்கே தெரியாத பெட்டியாகப் பார்த்து அவன் சோதனைக்கு அள்ளி வந்த தேனீக்கள்தான் அந்தச் சொட்டில் இருப்பவை. டிரைவர் ஹாரன் அடிக்கிறான். "எந்தப் பெட்டிண்ணே, சொல்லுங்க," என்கிறாள் ஜெபஷீலா. சுரேஷ்கண்ணன் கண்ணை எடுக்காமலே சொல்கிறான்: "இன்னுங் கொஞ்சம் பாத்துக்கிறேன் தங்கச்சி."