சங்கத்தில் மாட்டிய படம்

பன்னிரண்டு வருஷம் கழித்து டில்லியிலிருந்து வந்த தேசிகன், ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பள்ளித் தோழன் விக்டரைப் பார்த்துவிட்டான்.

"உன் லெட்டரெல்லாம் வந்துது. பெரிய உத்தியோகம், பதில் போட எங்கேடா நேரம்?" என்றான் தேசிகன்.

விக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "நம்ம பழைய மாணவர் சங்கத்துல உன் படத்தைப் பெரிசா மாட்டியிருக்கோம்."

தேசிகன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "விழா நடத்தினீங்களாக்கும்?"

"கூட்டம். ஆளாளுக்கு உன்னைப் புகழ்ந்தாங்க. கணக்கு வாத்தியார் அழுதுட்டார்."

"அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாதே."

பஸ்ஸை விட்டு இறங்கி, விக்டரோடு சங்கத்துக்குள் நுழைந்த தேசிகன் அப்படியே நின்றுவிட்டான். படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தது. அடியில், 'தோற்றம் 1921, மறைவு 1960'.

"நான் செத்துட்டேன்னு யாருடா சொன்னது?"

"யாரும் சொல்லலை. உயிரோட இருக்கறவன் நாப்பது லெட்டருக்கு ஒரு வரியாவது பதில் போட்டிருப்பான்னு நாங்களே தீர்மானம் போட்டுட்டோம்."