முப்பத்திரண்டு வீட்டுக் குப்பை

அவள் பதினோராவது தாளைப் பிரித்தாள். டப்பாவில் எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது.

ஐந்தாம் வகுப்புக்கு அவள் கொடுத்த வீட்டுப்பாடம் அது. ஒரு வாரம் வீட்டுக் குப்பையைப் பார்த்து எழுத வேண்டும். மட்குவது இடப்பக்கம், மட்காதது வலப்பக்கம். அடியில் பெற்றோர் கையெழுத்து.

மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம். அதற்குள் அத்தனையும் சுவரில் ஏற வேண்டும்.

பூமியைக் காப்பாற்றுவது அப்புறம் இருக்கட்டும். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு தெருவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் யார்தான் விடுவார்கள்?

கவுன்சிலர் வீட்டில் பரோட்டா பார்சல் பதினாறு. சமையலுக்கு வருகிற அம்மாள் நின்றுவிட்டாள் போல.

கம்பும் தினையுமாக ஊருக்கு உபதேசம் செய்யும் மளிகைக்கடைக்காரர் வீட்டில் நூடுல்ஸ் கவர் ஒன்பது.

பெனிட்டா வீட்டில் தூக்க மாத்திரை அட்டை. ஒன்று.

அதை எதிரே இருந்த கணக்கு வாத்தியார் செல்வரத்தினத்திடம் நீட்டினாள்.

"பெனிட்டா அம்மா எப்பவும் சிரிச்ச முகமாத்தானே வரும்? நிம்மதி இல்லாத வீட்டுக்குத்தான் சார் மாத்திரை. எங்க வீட்டுக்காரர் படுத்தா கட்டைதான்."

"ஊர்க் குப்பையெல்லாம் கிளறியாச்சு. உங்க வீட்டுத் தாளைக் காணோமே டீச்சர்?"

மகள் நறுமுகையும் அதே வகுப்புதான். அவள் தாள் கட்டின் அடியில் இருந்தது.

குண்டு குண்டான எழுத்து. வாழைப்பழத் தோல். தேங்காய் நார். பால் கவர். ஷாம்பு பாக்கெட்.

வம்புக்கு ஒன்றும் கிடைக்காத வீடு. அவளுக்கே பெருமையாக இருந்தது.

கடைசி வரி மட்டும் சாய்ந்திருந்தது. மகள் எழுத்து இல்லை.

தூக்க மாத்திரை அட்டை, ஒன்று. கூடையில் போடவில்லை. என் ஆபீஸ் பையில் இருக்கிறது.

கீழே கணவரின் கையெழுத்து. அதே சாய்வு.

"என்ன டீச்சர், ஏதாவது சிக்கிச்சா?"

செல்வரத்தினம் எட்டிப் பார்ப்பதற்குள் தாளை மடித்துவிட்டாள்.

மேசையில் கிடந்த பெனிட்டாவின் தாளையும் எடுத்தாள். அதற்குள் இதை வைத்துச் சேர்த்து மடித்தாள்.

மூன்று மணிக்குச் சுவரில் முப்பது தாள்கள்.

கூட்டத்துக்கு அவள் வீட்டுக்காரரும் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே போனார். சுவர் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

பிறகு திரும்பி அவளைப் பார்த்தார்.

அவளும் பார்த்தாள்.

கவுன்சிலர் வீட்டுப் பரோட்டா வரைக்கும் எண்ணிக்கை தெரியும் அவளுக்கு.

அவர் கண்ணுக்குக் கீழே இத்தனை கறுத்தது எப்போது என்று தெரியவில்லை.