நூற்று ஏழாவது பள்ளி

கேள்வி அவள் வாயிலிருந்து வந்தது.

மூன்று வாரமாக அவன் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த கேள்வி.

"முன்னூத்திப் பதினெட்டுப் பள்ளிக்கூடத்துலயும் குழாய்த் தண்ணி வருதுன்னு சொல்றீங்க. வராத பள்ளிக்கூடமும் அதுல இருக்கே சார்?"

எழுந்துகூட நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பதுபோல் கேட்டாள்.

ஆய்வு மாளிகைக் கூடத்தில், அமைச்சரின் நிருபர் கூட்டத்தில், எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அமைச்சரின் தலையும்.

அவன் தலை குனிந்திருந்தது.

ஜெசிந்தா. சென்னையிலிருந்து வந்து எட்டு மாதம். தொலைக்காட்சிக்காரி. இந்த மாவட்டத்தில் எந்தப் பேருந்து எந்த ஊருக்குப் போகும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அவனுக்குத் தெரியும். பதினோரு வருடமாக இங்கே நாளிதழ் நிருபர். மூன்று வாரம் மலையடிவாரத்தில் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியிருந்தான். குழாயே இல்லாத பள்ளிகள் நாற்பத்தொன்று. ஒன்றில், காலையில் தண்ணீர் குடிப்பதில்லை என்றாள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி. குடித்தால் வெளியே போகவேண்டி வரும். போவதற்கு இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் வரவேண்டிய செய்தி. அதற்காகத்தான் வாயை மூடி உட்கார்ந்திருந்தான். தனிச்செய்தி கையில் இருப்பவன் கூட்டத்தில் கேள்வி கேட்க மாட்டான். கேட்டால் அது எல்லோருக்கும் சொந்தம்.

இன்று வியாழன். நாளை சட்டசபையில் அமைச்சர் இந்தக் கணக்கைப் படிக்கப்போகிறார். படித்துவிட்டால் இந்த வருடம் யாருக்கும் குழாய் கிடையாது. இருக்கிற பள்ளிக்கு எதற்கு மறுபடி?

மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்று தனக்குள் சொல்லி வைத்திருந்தான்.

அமைச்சர் சிரித்தார்.

"எந்தப் பள்ளிக்கூடம்? பேரைச் சொல்லுங்கம்மா."

"நெடுங்கரை."

அவன் தலை நிமிர்ந்தது.

அவளிடம் யாரோ பாதிதான் சொல்லியிருக்கிறார்கள்.

நெடுங்கரை இரண்டு. அணையை உயர்த்தியபோது பழைய நெடுங்கரை தண்ணீருக்குள் போனது. மேட்டுக்குக் குடியேறிய சனங்கள் ஊர்ப்பெயரையும் கூடவே தூக்கிக்கொண்டு போனார்கள். புதுப் பள்ளி கட்டியாயிற்று. பழைய பள்ளியைப் பட்டியலிலிருந்து யாரும் எடுக்கவில்லை. அலுவலகக் கணினியில் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது. ஆகவே வருடா வருடம் போன வருடத்துப் பதிலையே அங்கே போட்டுவிடுவார்கள்.

அமைச்சருக்குப் பக்கத்தில் இருந்த கல்வி அதிகாரி தன் செல்போனை உயர்த்திக் காட்டினார். மேட்டு நெடுங்கரை. பளபளக்கும் குழாய். கீழே கை நீட்டும் பிள்ளைகள்.

"நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து கேக்கணும்மா," என்றார் அமைச்சர்.

கூடம் சிரித்தது.

அவனும் சிரித்தான். வயிற்றில் வெல்லம் கரைந்தது மாதிரி இருந்தது.

அவள் காதுமடல் சிவந்திருந்தது. குறிப்பேட்டைப் புரட்டினாள். அதில் எதுவும் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். இருப்பதெல்லாம் அவன் பையில்.

"நம்ம அண்ணாச்சி இருக்காரே," அமைச்சர் அவனைக் கை காட்டினார். "இந்தப் பக்கத்து ஆளு. நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நெடுங்கரையில குழாய் இருக்கா, இல்லையா?"

இருக்கு என்றால் போதும். பொய்கூட இல்லை.

அவள் அவனைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுந்தான். நாற்காலி கிறீச்சிட்டது.

"அவங்க கேட்டது பழைய நெடுங்கரை சார். உங்க லிஸ்ட்ல நூத்தி ஏழாவது. அது அணைத் தண்ணிக்குள்ள கெடக்கு. ஆறு வருசமா."

சிரிப்பு நின்றது.

அவங்க கேட்டது. அந்தச் சொற்கள் தன் வாயிலிருந்து போனதை அவன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமைச் செய்தியும் அவற்றோடு போயிற்று.

"பழைய லிஸ்ட்டா இருக்கும். சரி பண்ணிருவோம்," என்று அமைச்சர் எழப் பார்த்தார். அத்தோடு முடிந்திருக்கும்.

ஜெசிந்தா அவரைப் பார்க்கவில்லை. கல்வி அதிகாரியைப் பார்த்தாள். மெதுவாக, மரியாதையாக.

"சார், அந்த நூத்தி ஏழாவது பள்ளிக்கூடத்துல இந்த வருசம் எத்தனை பிள்ளைங்க படிக்கிறாங்க?"

முப்பது வருடப் பழக்கம். எண் கேட்டால் கோப்பைத் திறப்பது. திறந்தால் படிப்பது. அவர் விரல் பக்கத்தில் இறங்கி ஒரு வரியில் நின்றது.

"இருபத்தி மூணு."

அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நாளைக்கு இதைப் படிக்க வேணாம். எடுத்து வைங்க," என்றார் அமைச்சர், பக்கத்தில் இருந்தவரிடம், தணிந்த குரலில். மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை.

இருபத்து மூன்று பிள்ளைகள். அவன் அந்த அணைக்கரையில் ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறான். பள்ளி ஓட்டின் முகடாவது தெரிகிறதா என்று பார்த்திருக்கிறான். இதைக் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

அதுதான் எரிந்தது. அவள் முந்திக்கொண்டது அல்ல. அது.

அவள் நன்றி சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள்.

அவனும் பேனாவைத் திறந்தான். கைப்பழக்கத்தில் முதல் சொல் விழுந்தது. 'நிருபர்கள் கேட்டதற்கு.' எப்போதும் அப்படித்தான் போடுவார்கள். யார் கேட்டது என்று எந்த நாளிதழும் எழுதுவதில்லை. அந்தச் சொல்லுக்குள் அவனும் வசதியாக உட்கார்ந்துகொள்ளலாம்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கோடு போட்டு அதை அடித்தான்.

செய்தியில் போட, அவள் பெயருக்கு முன்னால் என்ன இனிஷியல் வரும் என்று கேட்க, மூன்று நாற்காலி தாண்டிப் போகவேண்டும்.