கோல் வாங்காத நாள்

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் குரலுக்காகக் காத்திருக்கும்போது எப்போதும் அப்படித்தான்.

எதிரணியின் கார்னர் பந்து யாரோ ஒருவன் தலையில் பட்டு மைதானத்துக்குள் திரும்பித் தெறித்த சத்தம் கேட்டது.

இப்போது கத்துவான்.

"வேந்தா! ஏறு!"

கண்ணைத் திறந்தாள்.

வேறு பெயர்.

கோல் வாயிலில் தியாகுதான் நின்றான். அதே மஞ்சள் சட்டை, அதே தொண்டை. அவன் குரல் கேட்டதும் பின்வரிசை நால்வரும் ஒரே ஆள்போல் முன்னேறினார்கள். எதிரணிக்காரர்கள் ஆஃப்சைடில் மாட்டிக்கொண்டு விழித்தார்கள். நடுவர் விசில் ஊதினார்.

கேலரி கைதட்டியது.

அவள் கணவன் ராயப்பன் போன ஐப்பசியில் இறந்தான். பயிற்சி முடிந்து திரும்பும் வழியில், மழையில், ஒரு லாரி. கல்யாணமாகி அடுத்த ஈஸ்டரைக்கூட இருவரும் சேர்ந்து பார்க்கவில்லை.

அணியின் ஸ்டாப்பர் அவன், பின்வரிசையின் நடுத்தூண். "ராயப்பா! ஏறு!" என்று தியாகு பின்னாலிருந்து குரல் கொடுத்தால் அவன் ஏறுவான். அவன் ஏறினால் பின்வரிசையே ஏறும். இத்தனை வருஷமும் அந்தப் பெயர்தான் அவர்களுக்கு உத்தரவு.

அவனைப் புதைத்த பிறகும் தியாகு அதையே கத்தினான்.

அந்தப் பெயருக்கு நகர ஆளில்லை. ஒருவன் ஏறுவான், ஒருவன் நிற்பான், ஒருவன் திரும்பிப் பார்ப்பான். அதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் வாங்கி அணி பட்டியலின் அடிக்குப் போனது.

யாரும் தியாகுவைக் குறை சொல்லவில்லை. கோச்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை.

வீட்டில் மாமியார் அந்தப் பெயரை எடுப்பதில்லை. மாதா கோயிலில், இறந்தவர்களின் பெயர்களோடு சேர்த்து வாசிக்கிறார்கள். எழுந்து வா என்கிற மாதிரி அவனைக் கூப்பிட்டது இந்த மைதானம் ஒன்றுதான்.

கோல் விழும்போதெல்லாம் கேலரியில் யாராவது சொல்வார்கள், ராயப்பன் இருந்திருந்தா இது நடக்குமா என்று. அதைக் கேட்பதற்காகவே கோல் விழட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதும் உண்டு.

கல்லறையில் மண் போட்ட கையோடு தியாகு அவளிடம் வந்து நின்றான்.

"என் வாயில வேற பேரு வராது அண்ணி."

அவள் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

இன்று காலையில்கூடப் போனில் பேசினான். சாப்பிட்டீங்களா, வந்துடுங்க, பாஸ் கேட்டில் இருக்கும். பெயர் மாறப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கேலரியில் அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் கடலை தின்றபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இதுங்களுக்கு மீசையே ஒயுங்கா மொளைக்கல. இதுங்கள வச்சி டிஃபன்ஸா?"

"மீசையாலயா தல முட்டப் போறாங்க? ஆட்டத்தப் பாரு நைனா."

"அடுத்த கோல் உழட்டும், அப்ப பேசறேன்."

விழவில்லை.

வேந்தனும் ஜஸ்டினும் கல்லூரி அணியிலிருந்து நேரே வந்தவர்கள். பெரிய மைதானத்தில் முதல் ஆட்டம். ஜஸ்டின் ஈரப் புல்லில் வழுக்கி விழுந்தான். அவன் எழுவதற்குள் வேந்தன் அந்த இடத்தில் நின்றான். வேந்தன் விட்டதை ஜஸ்டின் குறுக்கே பாய்ந்து தடுத்தான்.

ராயப்பன் விழுந்தபோது அப்படி ஓடிவந்து நிற்க ஆள் இருந்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் கொடுமையாக இருந்தது.

இடைவேளையில் தியாகு வழக்கம்போல் கேலரியைப் பார்த்துக் கையுறையைத் தூக்கவில்லை. குனிந்தபடியே உள்ளே போனான்.

மீசையைக் குறை சொன்ன கடலைக்காரர் மனம் மாறியிருந்தார்.

"உள்ளத சொல்லணும்பா. ராயப்பன் இருந்தப்பகூட இப்டி ஒரு கட்டு இல்ல."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போய்விடலாம் என்று செருப்பைத் தேடினாள். தேடிப் போட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டம் முடியும் நேரம். தியாகுவின் அணிக்கு ஒரு கோல் முன்னிலை. பந்து இடது ஓரத்தில் இருந்தது. எல்லாத் தலையும் இடது பக்கம். வேந்தனின் தலையும், தியாகுவின் தலையும்.

வலது பக்கம், வேந்தனின் முதுகுக்குப் பின்னால், எதிரணிக்காரன் ஒருவன் மெல்ல நடந்து வந்தான். ஓடவில்லை. நடந்தான்.

சோற்றுத் தட்டில் கத்தரிக்காய்த் துண்டுகளை நகர்த்தி ராயப்பன் அவளுக்குக் காட்டியிருக்கிறான். ஓடி வர்றவன விடு, நடந்து வர்றான் பாரு, அவன்தான் எமன்.

மைதானத்தில் வேறு யாரும் அவனைப் பார்க்கவில்லை.

அவள் சும்மா இருந்தால் போதும்.

ஒரு கோல். ஒரே ஒரு கோல் விழட்டும். கேலரி முழுக்க அந்தப் பெயரைச் சொல்லும்.

பந்து இடமிருந்து எழும்பியது.

"வேந்தா! பின்னால!"

பையன் திரும்பினான். அவன் காலில் பட்டுப் பந்து கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போனது.

கேலரி எழுந்து குதித்தது. கடலைக்காரர் அவள் பக்கம் குனிந்தார்.

"யாரும்மா அது, உன் தம்பியா?"

தொண்டை எரிந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கீழே தியாகு கையுறையைப் புருவத்துக்கு மேல் வைத்து, குரல் வந்த திசையைத் தேடிக்கொண்டிருந்தான்.

முன்னால் குதித்துக்கொண்டிருந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் அவள் மெதுவாக உட்கார்ந்துகொண்டாள்.