லாசரஸ் சாரின் ஃபியட்

"மூணு மாசத்துல இது அஞ்சாவது தடவை தம்பி. எத்தனை நாள் இப்படியே ஓட்டுறதா உத்தேசம்? இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

கிழக்குத் தாம்பரத்தில் லாசரஸ் சார் வீட்டு வாசலில் நின்ற பழைய ஃபியட்டின் பானெட்டைத் தூக்கியபடி விக்கி அவர் சொன்னதற்குத் தலையாட்டினான். பொழிச்சலூரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். வீடு தேடிப் போய் வேலை பார்ப்பதெல்லாம் அவனிடம் கிடையாது. ஆனால் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் லாசரஸ் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அரை மணி நேரத்தில் வந்து நிற்பான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க சார்."

சாவியைத் திருப்பியதும் வண்டி வீறிட்டது. எதிர்வீட்டு ஜன்னல் பட்டென்று சாத்திக்கொண்டது.

சாரின் மகள் சுஜி காபியோடு வந்தாள். ஸ்கூல் டீச்சர். சனிக்கிழமை, லீவு.

"ஏங்க இப்படிக் கத்துது?"

"ஃபேன் பெல்ட்டுங்க. ஒரு மக் தண்ணி கொண்டு வாங்க, காட்டுறேன்."

ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் மேல் தண்ணீர் தெளித்தான். அலறல் இன்னும் கூடியது.

"தண்ணி பட்டதும் சத்தம் அடங்குச்சுன்னா, பெல்ட் தேஞ்சிருக்கு, இல்ல கோணலா ஓடுதுன்னு அர்த்தம். கூடுச்சுன்னா லூஸ். வழுக்குது."

இதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கேட்டுக்கொண்டு நின்றதால் மேலும் பத்து நிமிடம் விளக்கினான்.

இன்ஜினை அணைத்துவிட்டுப் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். போன மாதம்தான் புதிதாகப் போட்டது. அரை அங்குலம் அமுங்க வேண்டியது ஒன்றரை அங்குலம் அமுங்கியது. பெல்ட் இறுக்கமாக நிற்க டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் குனிந்து பார்த்தான். அதன் தலையில் புதிதாக ஸ்பேனர் கீறல். தானாகக் கழன்றதில்லை. யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

ஓரக்கண்ணால் சுஜியைப் பார்த்தான். அவள் சட்டென்று காபி டம்ளரைப் பார்த்தாள். விக்கிக்கு உள்ளே ஜில்லென்றிருந்தது.

"என்ன தம்பி கோளாறு?" லாசரஸ் கேட்டார்.

"ஜிஎஸ்டி ரோடு பள்ளம் சார். குலுங்கிக் குலுங்கி போல்ட் லூஸாயிடுது."

"வண்டி பத்து நாளா கேட்டையே தாண்டல. சர்ச்சுக்குக்கூட ஆட்டோலதான் போனோம்."

விக்கி இருமினான். "நிறுத்தி வச்சாலும் லூஸாகும் சார். பழைய வண்டி இல்லையா."

"அப்ப வித்துட வேண்டியதுதான்." பேப்பரை மடித்துக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.

இருவர் முகமும் விழுந்துவிட்டது. விக்கி போல்ட்டைத் தன் பலம் மொத்தத்தையும் போட்டு முறுக்கினான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்.

"சுஜி, இனிமே கழட்டாதீங்க. வண்டியை வித்துட்டா நான் இந்தப் பக்கம் வர்றதுக்கே வழியில்லாம போயிடும்."

"நான் கழட்டுறேனா?" அவள் விழித்தாள். "எனக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாது. நீங்கதான் திரும்ப வரணும்னு லூஸா விட்டுட்டுப் போறீங்கன்னு நினைச்சேன்."

"தொழில்ல நான் அப்படிச் செய்வேனா?"

"அப்ப யாரு?"

செருமல் சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள். லாசரஸ் சார் வாசற்படியில் நின்று வலது மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த போல்ட்டை இவ்வளவு டைட் வச்சா எப்படி தம்பி, எனக்கும் அறுபத்திமூணு ஆகுது, ஒவ்வொரு தடவையும் கழட்டுறதுக்குள்ள கை விட்டுப்போகுது. பேசாம நாளைக்கு சாயந்திரம் உங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுங்க."