பிழை பூஜ்ஜியம்

பதினொன்றே கால் மணி. வெள்ளை சாசேஜைப் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் தின்றாக வேண்டும். மியூனிக்கில் அதற்குப் பிறகு தொட்டால் சிரிப்பார்கள். வெற்றி நிச்சயம் என்று கிரைனர், ஆய்வகம் முழுமைக்கும் வாங்கி வந்திருந்தார். சட்டி வெளியே வெந்நீரோடு காத்திருந்தது.

உள்ளே, வெளி அலை எதுவும் நுழையாதபடி இரும்புக் கதவு சாத்திய சோதனை அறையில், அவர் விற்கும் அழைப்புப் பெட்டியை, அதாவது பேஜரை, சோதிக்க வேண்டிய ஆஃப்ரா மட்டும் வழிக்கு வரவில்லை.

"சிக்னல் கருவிக்குள்ளயே இருக்கற வரிசை வேண்டாம் சார். வெளியிலேர்ந்து நான் தரவு கொடுக்கறேன். நேத்து எங்க ஊர்த் தீயணைப்புப் படைக்கு வந்த அழைப்பு."

"ஒப்பந்தத்துல உள்வரிசைன்னுதான் இருக்கு. ஒண்ணும் பூஜ்ஜியமும் கலந்துகட்டி வருது. அது போதாதா?"

"கலந்துகட்டி வர்ற மாதிரி இருக்கும். ஆனா எந்த லேபுக்குப் போனாலும் அதே வரிசைதான், எல்லாருக்கும் தெரிஞ்சது."

கிரைனருக்கு எரிச்சல் வந்தது. அவர் விற்பனைக்காரர். உள்வரிசையை விட்டு நகராதீர்கள் என்று அவருடைய பொறியாளர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இன்று சான்றிதழ் கிடைத்தால், மாவட்டத்தின் தீயணைப்பு வீரர்கள் அத்தனை பேர் இடுப்பிலும் அவருடைய அழைப்புப் பெட்டி. கிடைக்காவிட்டால் போட்டிக் கம்பெனியுடையது.

"இந்த அம்மாவுக்கு என்னதான் பிரச்சினை?" என்று ஆய்வகத் தலைவர் வென்ட்லினிடம் திரும்பினார்.

"நானும் அந்தப் படையில இருக்கேன். இது என் இடுப்புலயும் தொங்கப்போகுது. அதான் பிரச்சினை," என்றாள் ஆஃப்ரா.

"போதும் ஆஃப்ரா. உள்வரிசையைப் போடு. இல்லன்னா எந்திரி, வேற ஆளை உக்கார வைக்கறேன்," என்றார் வென்ட்லின்.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்வரிசையே போடறேன். ஆனா சான்றிதழ்ல கையெழுத்து என்னோடது. அது ஞாபகம் இருக்கட்டும்."

சிக்னல் கருவி கேபிள் வழியே வரிசையைப் பெட்டிக்கு அனுப்பியது. பெட்டி கேட்டதைக் கணினிக்குத் திருப்பிச் சொன்னது. கணினி இரண்டையும் ஒப்பிட, திரையில் விழுந்தது: பிழை 0.

சிக்னலின் வலுவைக் குறைத்தாள். பிழை 0. மேலும் குறைத்தாள். 0.

கிரைனருக்கு உற்சாகம் பிறந்தது. "முணுமுணுத்தாலே கேக்கும்மா எங்க பெட்டி. இன்னும் குறைங்க!"

"இன்னுமா?"

"ஏன், பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்? அப்புறம் நீங்கதான் வருத்தப்படக் கூடாது."

கிரைனர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வென்ட்லின் கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவள் மேசைக்குப் பின்னால் போய் ஒரு கேபிளைச் சுருட்டிச் சுவர் ஆணியில் மாட்டுவது கிரைனரின் ஓரக்கண்ணில் பட்டது. தோற்றவள் கடையைக் கட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பிழை 0. அடுத்த வரி, 0. திரை நிறைய 0.

"இப்ப நம்பறீங்களா?" என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் சார். எனக்கு அவசரமில்ல. சாசேஜுக்குத்தான் அவசரம்."

ஓடியது. ஒரு பிழைகூட விழவில்லை.

"மணி பன்னெண்டு ஆகப்போகுது," என்றார் வென்ட்லின், கெஞ்சாத குறையாக.

கிரைனர் பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். "கையெழுத்தைப் போட்டுட்டு வாங்க. கோபத்தையெல்லாம் கடுகு சாஸ்ல தொட்டுத் தின்னுடலாம்."

ஆஃப்ரா பேனாவை வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கருவிக்கும் பெட்டிக்கும் நடுவுல இருந்த ஒரே கேபிள் கால் மணி நேரமா அந்த ஆணியில தொங்குது. உங்க பெட்டி யார் சொன்னதைத் திருப்பிச் சொல்லிட்டிருக்கு சார்?"